பெந்தா சோ பூட்டிய துறைமுகம்

பெந்தா சோவின் நாற்பதாம் நாள் ஓதல் போன வாரம் முடிந்தது. லூகா நகர வானொலியில் அவளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். ‘வெங்காயத் தாய்’ என்றார்கள். அவள் கேட்டிருந்தால் உடனே நிலையத்துக்குப் போன் போட்டிருப்பாள். “நான் பெத்தது நாலு புள்ளைங்க. அதுல ஒண்ணு உரிக்கிறவன் கண்ண எரிய வைக்கும், ஒத்துக்கிறேன். ஆனா வெங்காயம் எதுவும் நான் பெக்கல” என்று சொல்லியிருப்பாள். வானொலிக்காரர்கள் சொன்ன பெண்மணி சாந்தமானவள், பொறுமைசாலி, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவள். அப்படி ஒருத்தியை நான் சந்தித்ததே இல்லை.

நான் தலைநகர் டாக்காரில் வெங்காய இறக்குமதி செய்கிறவன். ஹாலந்திலிருந்து வரும் கண்டெய்னர்களை இறக்கிச் சந்தைக்கு விடுவது என் தொழில். பெந்தா, பொத்தூப் பக்கத்து விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். ஒவ்வொரு வருடமும் அமைச்சகத்தின் நீள மேசையில் எதிரும் புதிருமாக உட்காருவோம். போதாததற்கு நான் செரேர், அவள் ஃபுலா. இந்த இரண்டு இனத்துக்கும் உள்ள கேலி உறவு எங்கள் நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம், திருடன் என்று சொல்லலாம், சாவு வீட்டில்கூடக் கிண்டல் செய்யலாம். கோபப்படத்தான் கூடாது. ஃபுலாக்கள் அடித்துக்கொண்டால் நடுவில் ஒரு செரேர் போய் நிற்கலாம். அவன் பேச்சைத் தட்டக் கூடாது. செரேர் வீட்டுச் சண்டையில் ஃபுலாவுக்கும் அதே உரிமை உண்டு.

அடக்கம் செய்த அன்று அவள் வீட்டு முற்றத்தில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறைப்படி நான் கிண்டல் செய்ய வேண்டும். “எங்க வீட்டு அடிமை ஒருத்தி, அறுவடை நேரமாப் பாத்து, சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டு ஓடிட்டா” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் அழுதார்கள். இரண்டாவது கிண்டல் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அது வெளியே வரவில்லை.

அவளுடைய அப்பா மாடு வைத்திருந்தவர். பெரிய வறட்சியில் மந்தை ஏறக்குறைய முழுவதும் செத்துப்போனது. எஞ்சியிருந்த இரண்டு கிடாரிகளையும் இரண்டு பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு பொத்தூவின் கடலோர மணல்மேடுகளுக்கு வந்து சேர்ந்தார். மேடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களில் கையால் தோண்டினாலே அப்போது தண்ணீர் வரும். அப்பா கடைசிவரை மண்வெட்டியைத் தொடவில்லை. மாடு மேய்ப்பவன் மண் கிளறுவது அவருக்கு அவமானம். அண்ணன் சம்பாவும் பெந்தாவும்தான் வாளி வாளியாக இறைத்து முதல் பாத்தி போட்டார்கள். தக்காளி, முட்டைக்கோஸ், கடைசியில் வெங்காயம். கல்யாணம் ஆகி, கணவன் லாரி ஓட்டி, அவன் இறந்து, பிள்ளைகள் வளர்ந்து, எல்லாம் அந்தப் பள்ளத்தைச் சுற்றியே நடந்தது. பிரெஞ்சில் சண்டை போடும் அளவுக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். பேசும்போது அதைக் கண்ணுக்கு இறக்கினால் எதிராளி கவனமாக இருக்க வேண்டும்.

எங்கள் மேசையில் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வெளிநாட்டு வெங்காயத்துக்குத் துறைமுகத்தை எப்போது மூடுவது, எப்போது திறப்பது? நம் நாட்டு அறுவடை வரும் மாதங்களில் மூடினால்தான் பொத்தூ வெங்காயம் விலை போகும். மூடாவிட்டால் ஹாலந்து வெங்காயம் மலிவாக வந்து இறங்கும். மணல்மேட்டுக்காரர்கள் வெங்காயத்தைப் பாத்தியிலேயே விட்டுவிட்டு, பிழைப்புத் தேடி ஐரோப்பாவுக்குப் படகு ஏறிவிடுவார்கள். ஆனால் மூடிய பிறகு உள்ளூர் வெங்காயம் போதாமல் போனால் டாக்காரில் வெங்காயத்தைக் குவித்து யாசாக் குழம்பு சமைக்கும் ஒவ்வொரு பெண்ணும் அமைச்சரைத் திட்டுவாள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் கூட்டம் ஒவ்வொரு வருடமும் நாள் முழுக்க நடந்தது.

நான் சொல்லப்போகும் வருடத்துக்கு முந்தைய வருடம் மூடல் தோற்றுப்போனது. துறைமுகம் மூடியதும் பெரும்பாலோர் அவசரமாகப் பிடுங்கினார்கள். வெங்காயத்துக்குத் தாள் மடிந்து சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்த வேண்டும். பிறகு பிடுங்கி நிழலில் காயவைக்க வேண்டும். அப்போதுதான் அதன் கழுத்து சுருங்கி மூடும், மாதக்கணக்கில் கெடாது. அவர்கள் நிறுத்தவில்லை. எடை கூட வேண்டும் என்று பிடுங்குகிற நாள் வரை மோட்டாரை ஓடவிட்டார்கள், யூரியாவை அள்ளிப் போட்டார்கள். மூட்டை கனத்தது. டாக்கார் வந்து சேர்ந்த சில நாளில் அடியிலிருந்து ஒழுக ஆரம்பித்தது. தபாஸ்கி என்னும் தியாகப் பெருநாள் நெருங்கும்போது நகரத்தில் நல்ல வெங்காயம் இல்லை, விலை ஏறியது, கூச்சல் கிளம்பியது, அமைச்சகம் பாதி வழியில் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. ஹாலந்துக் கப்பல்கள் வந்தன. அவசரப்படாமல் காத்திருந்து பிடுங்கியவர்களின் வெங்காயம்தான் கடைசியில் வாங்க ஆளில்லாமல் குப்பையானது. அதில் பெந்தாவுடையதும் இருந்தது.

எனவே அடுத்த வருடக் கூட்டத்துக்கு முன்பே பேச்சு பரவியிருந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் மூடல் என்ற ஏற்பாட்டையே எடுத்துவிடுவார்கள். அதாவது பொத்தூவில் வெங்காயம் முடிந்தது.

கூட்டத்தில் இறக்குமதிக்காரர்கள் சார்பில் நான்தான் பேசினேன். சுற்றி வளைக்கவில்லை.

“போன வருஷம் உங்க சரக்க வாங்கினேன். என் கிடங்குக்குள்ள மூக்கப் பொத்தாம ஒருத்தன் போக முடியல. பாதி தண்ணி. எனக்குத் தண்ணி வேணும்னா குழாயில பிடிச்சுக்க மாட்டேனா?”

சங்கத் தலைவர் மக்தார் சட்டென்று எழுந்தார். வெள்ளை அங்கி போட்ட பெரிய மனிதர். விவசாயியை அவமானப்படுத்துவதற்காக இத்தனை தூரம் வரவழைத்தீர்களா என்று ஆரம்பித்தார். பெந்தா அவர் அங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“இருங்க பெரியவரே. அடிமை பொய் சொன்னா அடிக்கலாம். நெசத்தச் சொல்லிட்டான், என்ன பண்றது? சோறு போட்டுத்தான் ஆகணும்.”

மேசை முழுக்கச் சிரித்தது. மக்தாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். ஒரு ஃபுலா, ஒரு செரேரைப் பற்றிச் சொன்னால் அது சண்டை ஆகாது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு தலைமை தாங்கிய அமைச்சக அம்மாளிடம் பேச ஆரம்பித்தாள்.

வெங்காயம் ஏன் அழுகியது என்று அவளே சொன்னாள். மூடிவிட்டார்கள், இனி எதை அனுப்பினாலும் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம், அதனால் தண்ணீரை விற்றோம் என்றாள். ஒவ்வொரு வருடமும் கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறோம், சில கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது, அந்தத் தண்ணீரைத்தான் மூட்டையில் கட்டி டாக்காருக்கு அனுப்பி அழுகவிடுகிறோம் என்றாள். பிறகு தன் ஏற்பாட்டைச் சொன்னாள். தாள் சாய்ந்ததும் பொத்தூவில் மோட்டார் ஓடாது. காயாத வெங்காயம் ஊர் எல்லையைத் தாண்டாது. இறக்குமதிக்காரர்களே அமைச்சக ஆளோடு வந்து கழுத்தை அழுத்திப் பார்க்கலாம். பதிலுக்கு, சீசன் முடிந்து துறைமுகம் திறக்கும்போது யாருக்கு எவ்வளவு இறக்குமதி உரிமம் என்பதை அவர் சீசனில் எங்களிடம் எவ்வளவு வாங்கினார் என்று பார்த்துக் கொடுங்கள். வாங்காதவருக்கு உரிமம் கிடையாது.

எங்கள் பக்கம் முணுமுணுத்தது. நான் கேட்டேன், எங்களை எதற்கு இதில் இழுக்கிறாய் என்று.

“ஓரமா நின்னு வேடிக்கை பாக்காத. வந்து மூட்டையத் தூக்கு” என்றாள்.

தலைமை அம்மாள், அதன் பிறகும் அழுகினால் என்ன செய்வது என்று கேட்டார். மக்தார் வேண்டாம் என்பது போல மேசைக்கடியில் அவள் காலைத் தட்டியது எனக்குத் தெரிந்தது.

“அப்பவும் அழுகுச்சுன்னா துறைமுகத்தத் தொறந்துக்குங்கம்மா. நாங்க ஒரு வார்த்த பேச மாட்டோம். நானே வந்து கப்பல் கயித்த இழுத்துக் கட்டுறேன்.”

அப்படியே முடிவு எழுதப்பட்டது.

திரும்பிப் போகும் வண்டியில் மக்தார் அவளோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊரில் அவளுக்கு ‘ஹாலந்துக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். எல்லோர் கழுத்துக்கும் கயிறு மாட்டிவிட்டு வந்துவிட்டாள் என்றார்கள். அவள் அசரவில்லை. ஹாலந்தில் மாடு நல்லா கறக்குமாம், அந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன், ஆளுக்கொரு மாடு அனுப்புகிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்தாள். தாள் சாய்ந்த வயலில் மோட்டார் சத்தம் கேட்டால் போய் நிறுத்தினாள். எடை குறைகிறதே என்று அழுதவர்களிடம், கெடாத வெங்காயத்தைப் பெருநாள் வரை வைத்து விற்றால் எடை போனது விலையில் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். வெங்காயத்தை நிழலில் காயவைக்கப் பனை ஓலையால் பட்டறைகள் போட வைத்தாள். மெல்ல மெல்ல ஊர் அவள் வழிக்கு வந்தது. வராத ஒருவர் அவள் அண்ணன் சம்பா.

சம்பா கெட்ட மனிதர் அல்ல. முந்தைய வருட நட்டத்தில் மகள் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. தங்கை செயலாளராக இருக்கும்போது தன் மூட்டையை யார் தடுக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. தண்ணீரை நிறுத்திவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவள் டாக்கார் போன நாட்களில் மோட்டாரைப் போட்டிருக்கிறார்.

முதல் சரக்கு எடுக்க இரண்டு லாரிகளோடு நானும், அமைச்சகத்துப் பெண் அதிகாரி ஒருவரும் போனோம். வேப்பமரத்தடியில் குவியல் குவியலாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குவியலிலும் கைவிட்டு நடுவிலிருந்து எடுத்துக் கழுத்தை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. தோல் சரசரத்தது. உண்மையைச் சொன்னால், குறை கண்டுபிடிக்கத்தான் போயிருந்தேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ, சம்பாவின் குவியல். எனக்கு முன்னால் பெந்தா ஒரு வெங்காயத்தை எடுத்தாள். கட்டைவிரலால் கழுத்தை அழுத்தினாள். இன்னொன்றை எடுத்தாள். அடுத்து ஒன்று. எனக்குக் கொடுக்காமலே கீழே வைத்துவிட்டு ஏற்றும் ஆட்களைப் பார்த்து, “இது லாரியில ஏறாது” என்றாள்.

சம்பா சிரித்தார். “என்ன தங்கச்சி, வெளையாடுறியா?”

“கழுத்து மூடல, அண்ணே.”

“ரெண்டு நாள் போனா மூடிக்கும். ஏத்தச் சொல்லு.”

“ஏறாது.”

சிரிப்பு போய்விட்டது. சம்பா கிட்டே வந்தார். குரல் உயரவில்லை, ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

“அப்பாவோட மாடெல்லாம் செத்து நாம நடந்து வந்தப்ப, உன்னத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தவன் நான். அப்படிப்பட்ட என்னய இந்தப் பட்டணத்துக்காரன் முன்னாடி கீழ இறக்குறியா?”

அவள் முகம் கறுத்துவிட்டது. ஆனால் கையை மட்டும் குவியலின் மேலிருந்து எடுக்கவில்லை.

சம்பாவின் மச்சான்மாரும் பங்காளிகளும் ஊரில் பாதி. அவர்களில் ஒருவன் லாரியில் ஏறித் தன் மூட்டையைக் கீழே தள்ளினான். அண்ணன் சரக்கு போகாவிட்டால் எங்கள் சரக்கும் போகாது என்றான். அடுத்தவன் ஏறினான். மக்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சினார். பாதி லாரி காலியாகிவிட்டது. பெண் அதிகாரி என்னைப் பார்த்தார். இந்த லாரிகள் காலியாகத் திரும்பினால் பொத்தூ வாக்குத் தவறியது என்று பொருள். துறைமுகம் திறக்கும். என் கண்டெய்னர்கள் வரும். நான் ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும்.

பெந்தா என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் நகர்ந்திருக்க மாட்டேன். அண்ணனுக்கு எதிரில், ஊருக்கு எதிரில், பழுது என்று தன் கையாலேயே எடுத்துக் காட்டிவிட்டு நின்றாள். இருபது வருடத் தொழிலில் எனக்கு யாரும் அப்படி ஒரு சரக்கைக் காட்டியதில்லை.

லாரிப் படியில் ஏறி நின்றேன்.

“ஃபுலாக்களா, உக்காருங்க எல்லாரும். எசமான் வந்து எவ்வளவு நேரமாச்சு, ஒருத்தனுக்காவது பால் கொடுக்கணும்னு தோணுச்சா?”

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கையில் மூட்டையோடு நின்றவன் அதைப் போடுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் திண்டாடினான். செரேர் நடுவில் வந்துவிட்டான். இனி சண்டை போட்டால் போட்டவனுக்குத்தான் இழுக்கு. ஒரு கலயத்தில் புளித்த பால் வந்தது. நிதானமாகக் குடித்தேன். மீதியைச் சம்பாவிடம் நீட்டினேன். வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினார்.

“சம்பா, உன் வெங்காயம் உன்ன மாதிரியேதான் இருக்கு. பாக்க மலை மாதிரி. கழுத்து மட்டும் பச்சப்புள்ள.”

ஊர் சிரித்தது. அவர் மச்சான் முதலில் சிரித்தான். சம்பா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து தீர்ப்புச் சொன்னேன். இந்தக் குவியல் டாக்கார் போகாது. தாளோடு அப்படியே லூகா வாரச்சந்தைக்குப் போகட்டும். இன்றைக்கே வாங்கி இன்றைக்கே சமைக்கிறவர்களுக்கு இது நல்ல வெங்காயம். என் லாரியே கொண்டுபோய் விடும். சம்பாவின் பின்வயல் இன்னும் பிடுங்கவில்லை. அங்கே இன்று முதல் தண்ணீர் இல்லை. அது காய்ந்து வந்தால் கடைசி லாரியில் நானே எடுத்துக்கொள்கிறேன்.

“ஒரு செரேர் சொல்லி நான் கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு” என்றார் சம்பா. தள்ளிய மூட்டைகளை அதே ஆட்கள் மறுபடி ஏற்றினார்கள்.

கிளம்பும்போது பெந்தா வண்டி ஜன்னலருகே வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“பால் குடிச்ச கலயத்தக் கழுவாமப் போறியே. செரேர் வீட்டுல வளத்த லட்சணமா இது?”

அண்ணன் அவளோடு அப்புறம் இரண்டு மாதம் பேசவில்லை. அவள் தினமும் மதியம் சோறும் மீனும் அவர் வீட்டுக்கு அனுப்பினாள். கிண்ணம் காலியாகத் திரும்பி வரும். செய்தி எதுவும் வராது. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். சாப்பிடுகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை என்றாள்.

தபாஸ்கிக்கு முன்னால் டாக்காரில் விலை கொஞ்சம் ஏறியது. நுகர்வோர் சங்கம் அறிக்கை விட்டது. அமைச்சகம் அவசரக் கூட்டம் கூட்டியது: துறைமுகத்தைத் திறக்கலாமா? அன்று காலை போகும் வழியில் என் கிடங்கைத் திறந்து பார்த்தேன். பொத்தூ மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நாற்றம் இல்லை. கையை விட்டால் சருகுபோலச் சத்தம். உரிமத்துக்காக வாங்கி, பெருநாளுக்கு விற்கலாம் என்று வைத்திருந்த சரக்கு அது. இப்போது ஒரு ஹாலந்துக் கப்பல் வந்தால் அத்தனையும் பாதி விலைக்குப் போகும். மற்ற ஐந்து இறக்குமதிக்காரர்களின் கிடங்குகளிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். பெந்தா எங்களை ஏன் மூட்டை தூக்கச் சொன்னாள் என்று எனக்கு அந்தக் கிடங்கில் நின்றபோதுதான் முழுவதும் விளங்கியது.

மேசையில் தலைமை அம்மாள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கினேன். திறக்க வேண்டாம் என்றேன். நகரத்துக்குப் போதுமான சரக்கு எங்களிடம் இருக்கிறது, பெருநாள் வரை இன்றைய விலைக்கு மேல் விற்க மாட்டோம் என்று எழுதித் தருகிறோம் என்றேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஆமோதித்தார். அவருக்கு அடுத்தவரும். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் இறக்குமதிக்காரர்கள்தானே என்று கேட்டார்.

எதிரில் இருந்த பெந்தா மக்தார் பக்கம் சாய்ந்தாள். மெதுவாகச் சொல்வது போலத்தான் சொன்னாள், ஆனால் மேசை முழுக்கக் கேட்கும்படி.

“பெரியவரே, நம்ம சங்கத்துல இன்னைக்குப் புதுசா ஆறு பேரு சேந்திருக்காங்க. சந்தா வாங்கிக்குங்க.”

துறைமுகம் பூட்டியே இருந்தது. பொத்தூவின் கடைசி மூட்டை விற்கும் வரை பூட்டியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே ஏற்பாடுதான். சண்டை நாள் குறிப்பதில் மட்டும்தான். கிணறுகளில் உப்பு ஏறுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆழப்படுத்தும் வேலை குறைந்துவிட்டது என்று கிணறு வெட்டுகிற ஆட்களே குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அந்த வருடத்தின் கடைசி லாரிக்கு நானே போனேன். சம்பாவின் பின்வயல் சரக்கு வேப்பமரத்தடியில் இருந்தது. பெந்தா அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அழுத்தினாள். வேறு யாருடைய குவியலுக்கும் அவள் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை. சம்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

“ஏத்துங்க” என்றாள்.

சம்பா குனிந்து முதல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அவள் பிடித்தாள்.